யார் வந்து திருத்துவார்கள்?

(மட்டாஞ்சேரியில் மென்பொருள் துறை இளைஞர்கள் நடுவே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரின் பெயரில் எத்தனை எழுத்து? ம, ட், டா, ஞ், சே, ரி. மொத்தம் 6. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டுச் சொல்லிவிடும். இதையே பைத்தானிடம் கேளுங்கள், 11 என்கிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே 11தான். ரஸ்ட்டிடம் நீளம் கேட்டால் 33 என்கிறது. பைத்தான், புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. ரஸ்ட், அந்த ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்று இடத்தை அளந்து சொல்கிறது. ஸ்விஃப்ட் மட்டும் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி 6 என்கிறது. இங்கே பக்கத்து வீட்டு மலையாளி நண்பரைக் கேட்டால், மட்டாஞ்சேரியை அவர் 4 எழுத்தாக எண்ணினாலும் எண்ணுவார். ட்டாவும் ஞ்சேயும் அவருக்குக் கூட்டெழுத்து.

இதைச் சொன்னவுடனே ஒரு தம்பி எழுந்து, "அப்போ தமிழ்த் தளம் கட்ட ஸ்விஃப்ட்தான் சார் நல்லது" என்பார். போன வருஷம் ஒரு கல்லூரியில் அப்படித்தான் ஒருவர் எழுந்தார். இல்லை ஐயா. பைத்தானில் முத்து அண்ணாமலை முதலானோர் கட்டிய ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் பைத்தானும் ஒழுங்காக 6 என்று சொல்லும். மொழிக்குள் இல்லாததை, அந்த மொழியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்கள் செய்து வைத்திருக்கிறார்கள். திறந்த மூலத் தளம் ஒன்றுக்கு மொழி தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த ஆட்களைத்தான். வேகம், இலக்கண அழகு எல்லாம் அப்புறம்.

இந்தப் புத்தி எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. பட்டு வந்தது.

2014இல் இந்த பஜார் ரோட்டிலேயே ஒரு மலஞ்சரக்கு மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மண்டியின் பெயர் வேண்டாம். தவறு முழுக்க என்னுடையது. அப்போது எனக்கு க்ளோஜர் என்ற நிரல்மொழியின் மேல் பைத்தியம். நூறு வரியில் எழுத வேண்டியதைப் பத்து வரியில் எழுதுவேன், எழுதிவிட்டு நானே ரசிப்பேன். மிளகு, ஏலம், சுக்கு எல்லாம் மூட்டைக் கணக்கில் வரவாகும், கிலோ கணக்கில் பற்றாகும், ஈரப்பதத்துக்குக் கழிவு போகும். எல்லாம் அழகாக ஓடியது. நிரலைக்கூட எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்துதான் வைத்திருந்தேன். திறந்த மூலம் என்று மார்தட்டிக்கொண்டேன்.

2017 ஜூலை 1. ஜிஎஸ்டி வந்தது. ஒரே வரி இருந்த கட்டத்தில் இப்போது இரண்டு வேண்டும்: மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. அரை நாள் வேலை. நான் அப்போது வெளிநாட்டில். எர்ணாகுளம் முழுக்கத் தேடியும் அந்த நிரலைத் திறந்து பார்த்து "ஆமாம், எனக்குப் புரிகிறது" என்று சொல்ல ஒருவர் கிடைக்கவில்லை. மண்டியில் ஒரு வயதான கணக்கப்பிள்ளை இருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அலமாரியின் மேல் கிடந்த பேரேட்டை இறக்கித் தூசி தட்டினார். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். "தம்பி, உம்ம கம்ப்யூட்டர் கணக்கு நல்ல கணக்குதான். ஆனா அதுகூட பேச ஆள் இல்ல பாத்துக்கிடும்" என்றார். நிரலைத் திறந்து வைத்தது போதும் என்று நினைத்திருந்தேன். உள்ளே வர ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

சரி, என் கதை போகட்டும். இந்த ஊரிலேயே பொதுத் தளங்கள் சில எழுந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழியைப் பிடித்தது. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புத்தகத்தில் கிடைக்காத பாடம் கிடைக்கிறது.

முதலில் 2020 மார்ச். கொச்சியில் மென்பொருள் இளைஞர்கள் சிலர் கொரோனாசேஃப் நெட்வொர்க் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து நடந்த தன்னார்வ வேலை. அதிலிருந்து வந்ததுதான் கேர் என்ற தளம். எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி, எந்த நோயாளியை எங்கே மாற்றுவது, ஆம்புலன்ஸ் எது என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் ஒரே திரையில் பார்க்க வேண்டும். அவர்கள் பின்புலத்துக்கு எடுத்தது பைத்தானும் ஜாங்கோவும். முன்திரைக்கு ரியாக்ட். தரவுக்கு போஸ்ட்கிரெஸ். இதில் புதுமை ஏதாவது உண்டா? ஒன்றுமில்லை. அதுதான் அதன் பலம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். விதிமுறை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இன்று காய்ச்சல் உண்டா என்று கேட்டால் போதும். நாளை ஆக்சிஜன் அளவையும் கேட்க வேண்டும். ஜாங்கோவில் அதற்கு என்ன செய்ய வேண்டும்? நோயாளியைப் பற்றிய வகுப்பில் ஒரு வரி சேர்க்கிறீர்கள். ஒரு கட்டளை கொடுத்தால், தரவுத்தளத்தில் என்ன மாற வேண்டுமோ அதை ஜாங்கோவே எழுதி ஒரு கோப்பாக வைக்கிறது. இன்னொரு கட்டளையில் மாற்றம் அமலாகிறது. நிர்வாகப் பக்கத்திலும் அந்தப் புதிய கட்டத்தைக் காட்ட அதிக வேலை இல்லை. காலையில் வந்த சுற்றறிக்கை மதியச் சாப்பாட்டுக்குள் திரைக்கு வந்துவிடும். இது தற்செயல் அல்ல. ஜாங்கோ பிறந்ததே ஒரு பத்திரிகை அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சாஸில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழில், 2003 வாக்கில், ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் அதைக் கட்டினார்கள். இன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும் என்ற நெருக்கடிதான் அதன் தாய். ஜாஸ் இசைக்கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரை வைத்து 2005இல் பொதுவில் விட்டார்கள். செய்தி அறையின் அவசரத்துக்குச் செய்த கருவி தொற்றுநோயின் அவசரத்துக்குப் பொருந்தியது.

அதைவிடப் பெரிய காரணம் ஆட்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் தெரியும். இந்தக் கேரளத்தில் பள்ளிப் பாடத்திலேயே பைத்தான் உண்டு. பள்ளிக் கணினிகளில் ஓடுவதும் கைட் அமைப்பு தரும் குனு/லினக்ஸ். 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்த காலத்திலிருந்து இந்த மாநிலத்தில் அந்தக் காற்று வீசுகிறது. ஆசிரியர்களும் அதிகாரிகளும் இருபது வருஷமாகப் போட்ட விதை, நெருக்கடியில் ஒரு தளத்துக்குக் கையாட்களாக முளைத்தது. தளம் கட்டியவர்கள் மொழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, ஊர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டார்கள் என்றே சொல்வேன்.

இதே கேரில் ஒரு கிளைக்கதை உண்டு, கேளுங்கள். கொரோனாசேஃபின் பின்னால் இருந்தவர்களில் கொச்சியின் பியூபில்ஃபர்ஸ்ட் நிறுவனத்தாரும் உண்டு. அவர்களுடைய கற்றல் தளமும் திறந்த மூலம்தான். அது ரூபி ஆன் ரெயில்ஸ். முன்திரைக்கு ரீசன்எம்எல் என்ற மொழியை எடுத்தார்கள். ரியாக்ட்டை உருவாக்கிய ஜோர்டன் வாக்கேதான் ரீசனையும் உருவாக்கியவர், ஆகவே நல்ல பரம்பரை. வகைகளில் கண்டிப்பானது. தவறை முன்கூட்டியே பிடிக்கும். 2020இல் என்ன நடந்தது? அந்த மொழிக்காரர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கிளை ரீஸ்கிரிப்ட் என்று பெயர் மாறி இலக்கணமும் மாறியது. நாம் கட்டிய வீட்டின் கதவு எண்ணை ஊராட்சி மாற்றிய மாதிரி. கேரிலும் தீவிர சிகிச்சைப் பதிவுக்கான பகுதி ரீஸ்கிரிப்டில் இருந்தது. பிற்பாடு அதைக் கழற்றி டைப்ஸ்கிரிப்டில் எழுதினார்கள். ரீஸ்கிரிப்ட் மட்டமான மொழியா? சத்தியமாக இல்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் டைப்ஸ்கிரிப்டைவிட அது ஒரு படி மேல் என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் வாசலில் பத்துப் பேர் உதவி செய்ய நிற்கும்போது, ஒன்பது பேர் டைப்ஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள்.

இப்போது எதிர்ப் பக்கம். 2021 ஜூலையில் கொச்சி ஓப்பன் மொபிலிட்டி நெட்வொர்க் என்ற திறந்த போக்குவரத்து வலையமைப்பு இங்கே தொடங்கியது. நந்தன் நிலேகணி, பிரமோத் வர்மா, சுஜித் நாயர் ஆகியோர் முன்னெடுத்த பெக்கன் நெறிமுறையின் மேல் நிற்பது. அந்த வலையில் வந்த செயலி யாத்ரி. கட்டியது பெங்களூரின் ஜஸ்பே. ஓட்டுநரிடம் கமிஷன் வாங்காத செயலி. கொச்சியில் நடை பழகிய பிறகு, 2022 நவம்பரில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோடு சேர்ந்து நம்ம யாத்ரி என்று வந்ததும் இதன் தொடர்ச்சிதான். நிரல் கிட்ஹப்பில் திறந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் உங்களில் பாதிப் பேர் திடுக்கிடுவீர்கள். பின்புலம் ஹாஸ்கெல், முன்திரை ப்யூர்ஸ்கிரிப்ட்.

ஆட்டோவுக்கு எதற்கு ஹாஸ்கெல் என்று சிரிக்கத் தோன்றும். நானும் சிரித்தேன். நிரலை வாசித்த பிறகு சிரிப்பு அடங்கியது. தூரம் மீட்டரில் இருக்கிறது, கட்டணம் ரூபாயில் இருக்கிறது. கணினிக்கு இரண்டும் வெறும் எண். பைத்தானில் கை தவறி இரண்டையும் கூட்டினால் அது சந்தோஷமாகக் கூட்டித் தரும். ஓட்டுநர் சண்டைக்கு வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும். ஹாஸ்கெல்லில் மீட்டர் ஒரு வகை, ரூபாய் வேறு வகை என்று அறிவித்துவிட்டால் தொகுப்பியே தடுத்துவிடும், அந்த நிரல் தெருவுக்கே வராது. இன்னொன்று. பயணத்துக்குப் புதியது, நடப்பது, முடிந்தது, ரத்தானது என்று நான்கு நிலை இருக்கிறது என்று வையுங்கள். இது நம் ஊர். ஃபோர்ட் கொச்சியில் வண்டியை ஏற்றிக் கடக்கும் ஜங்காருக்கு வண்டி வரிசையில் நிற்கும், அக்கரை வைப்பின். ஆகவே "ஜங்காருக்குக் காத்திருக்கிறது" என்று ஐந்தாவது நிலை ஒன்றைச் சேர்க்கிறீர்கள். எச்சரிக்கைகளைக் கண்டிப்பாக வைத்திருந்தால், இந்த ஐந்தாவதைக் கவனிக்காத இடம் ஒவ்வொன்றையும் கோப்புப் பெயர், வரி எண்ணோடு ஹாஸ்கெல் பட்டியல் போட்டுக் கையில் கொடுக்கும். இப்படிச் சரிபார்க்காத மொழிகளில் அந்தப் பட்டியலை உங்களுக்குத் தருவது பயணிகளின் புகார்.

ஆகவே பணமும் நிலைமாற்றமும் நிறைந்த வேலைக்கு அந்த மொழி பொருத்தம்தான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஜஸ்பே பணப்பரிமாற்றத் தொழிலில் இருந்து வந்தது. ஹாஸ்கெல் அவர்கள் வீட்டு மொழி. புதிதாக வருபவருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்துச் சொல்லித்தர அவர்களால் முடியும். ஒரு தன்னார்வலர், எட்டு ஜிபி மடிக்கணினியோடு ராத்திரி பதினொரு மணிக்கு அந்த நிரலைத் தொகுக்கப் பார்த்தால் மின்விசிறி அலறும். நிரல் திறந்திருக்கிறது, உரிமமும் ஏஜிபிஎல். மாற்றி எடுத்துச் சேவையாக நடத்துபவர் தன் மாற்றத்தின் நிரலையும் அதைப் பயன்படுத்துபவர்களுக்குத் திறந்து தர வேண்டும் என்கிற கண்டிப்பான உரிமம். கேர் எடுத்தது எம்ஐடி. யாரும் எடுத்துப் போகலாம், மாற்றத்தைத் திறந்து தர வேண்டிய கட்டாயம் இல்லை. மொழியில் கண்டிப்பானவர்கள் உரிமத்திலும் கண்டிப்பு, மொழியில் தாராளமானவர்கள் உரிமத்திலும் தாராளம் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜஸ்பேக்காரர்களும் ஒரே மொழியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஓடும் வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று நிமிஷத்துக்குப் பல முறை கொட்டும் தகவலை வாங்கி வைக்கும் சேவையை ரஸ்ட்டில் எழுதினார்கள். பணம் செலுத்தும் வழிகளை இணைக்கும் ஹைப்பர்ஸ்விட்ச் என்ற தளத்தை வெளியாருக்குத் திறந்தபோதும் எடுத்தது ரஸ்ட். ஹாஸ்கெல் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் பொதுவாகச் சமைக்கும்போது வேறு பாத்திரம் எடுக்கிறார்கள். இதற்கு அவர்கள் என்ன காரணம் சொன்னாலும், எனக்குத் தோன்றுகிற காரணம் அந்தப் பாத்திரத்தைக் கழுவத் தெரிந்தவர்கள் வெளியே அதிகம் என்பது.

இந்த இடத்தில் என் வாதத்தையே கவிழ்க்கும் ஓர் உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாகாது. கோஹா. நூலக மென்பொருள். கேரளத்திலும் தமிழகத்திலும் பல கல்லூரி நூலகங்களில் அதுதான் ஓடுகிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற வட்டார நூலகத்துக்காக எழுதியது, 2000ஆம் ஆண்டு வந்தது. அது பெர்லில் எழுதிய மென்பொருள். இன்று இந்த அரங்கில் பெர்ல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் என்ன ஆகும்? (அரங்கில் இரண்டு கைகள்.) இரண்டு. நான் எதிர்பார்த்ததைவிட ஒன்று அதிகம். ஆட்கள் இல்லாத மொழி செத்துவிடும் என்றால் கோஹா எப்போதோ செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஏனென்றால் கோஹாவுக்குப் பெர்ல் ஆட்கள் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, நூலகர்களிலும் சிலர் கற்றுக்கொண்டு ஆளானார்கள். ஆவணம் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள், உலகம் முழுக்க ஆண்டுதோறும் கூடிப் பேசினார்கள். மொழி பழசானாலும் சுற்றியிருந்த கூட்டம் கலையவில்லை. புதிதாகத் தொடங்குகிற உங்களுக்கு அப்படி ஒரு கூட்டம் இன்னும் இல்லை. வரும் என்று நம்பிக் கடினமான மொழியை எடுப்பது கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிற மாதிரி. சிலர் அடைத்துவிடுகிறார்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நான் இப்போது சொன்ன கொச்சித் தளங்கள் எல்லாமே அதைத்தான் எடுத்திருக்கின்றன. கிட் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. வாதம் செய்ய வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: புதியவர் ஒருவர் நிரலை இறக்கிய நிமிஷத்திலிருந்து அது அவர் கணினியில் ஓடுவது வரை எவ்வளவு நேரம்? கேர் இதற்கு டாக்கரை வைத்திருக்கிறது. நம்ம யாத்ரி நிக்ஸ் வைத்திருக்கிறது. நிக்ஸ் ஒருமுறை அமைந்துவிட்டால் அசையாது, அமைவதற்குள் ஆள் அசைந்துவிடுவார். டாக்கர் கொஞ்சம் முரடு, ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் எங்கேயோ ஒருமுறை தொட்டிருப்பார்கள். உங்கள் தளத்துக்கு நீங்கள் எதை எடுத்தாலும், அந்த நேரம் ஒரு மணிக்கு மேல் போனால் வந்தவர் தேநீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்ப மாட்டார்.

என்னையே கேட்டால், என் தீர்ப்பு இது. சம்பளம் கொடுக்கும் நிறுவனம் பின்னால் இருக்கிறது, பணம் புழங்கும் வேலை என்றால் ஹாஸ்கெல்லோ ரஸ்ட்டோ எடுங்கள், தப்பில்லை. பின்னால் யாரும் இல்லை, நூலகம், சங்கம், ஊராட்சி, மருத்துவமனை போன்ற பொது வேலை என்றால் உங்கள் ஊர்க் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவருக்குத் தெரிந்த மொழியை எடுங்கள். இன்றைய தேதியில் அது பைத்தான், அல்லது டைப்ஸ்கிரிப்ட். பத்து வருஷம் கழித்து வேறாக இருக்கும். அப்போது வேறு யாராவது இங்கே வந்து பேசட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் திட்டத்தின் முகவரியை, அதை இதுவரை பார்த்திராத ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அனுப்புங்கள். உதவி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, ஒரு தாளில் மட்டும் குறித்து வாருங்கள்: எந்த வரியில் நின்றார், எந்தச் சொல்லில் விழித்தார், எத்தனையாவது நிமிஷத்தில் கைபேசியை எடுத்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள். என் பழைய க்ளோஜர் நிரலுக்கான தாளை நானும் கொண்டு வருகிறேன்.